வேம்பு பூத்த வாரம்: கல்லிடைக்குறிச்சிப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், ஏப்ரல் 8

திருநெல்வேலியில் ஏறிய செங்கோட்டைப் பயணிகள் ரயில் சேரன்மகாதேவியைக் கடந்ததும், இருபுறமும் பிசான அறுவடை முடிந்த வயல்கள் தென்படத் தொடங்கின. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடப்படும் பிசானம் மாசியிலும் பங்குனியிலும் களத்துக்கு வந்துவிடும். இப்போது தாள் மட்டும் நிற்கும் வயல்களில், சிந்திய நெல்லைப் பொறுக்குவதற்காக வாத்துக் கூட்டங்களை இறக்கிவிட்டிருந்தார்கள். சில இடங்களில் வைக்கோல் படப்புகள் வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பியிருந்தன. மேற்கே பொதிகை மலை வெயில் புகையில் நீலமாக மங்கிக் கிடந்தது.

ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த இளவேனில் வந்து சேரும் வாரத்தை, அதாவது பங்குனியின் கடைசி நாள்களை, என் ஆச்சியின் வீட்டில் முழுதாக இருந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய ஆசை. சிறு வயதில் முழுப் பரீட்சை முடிந்து மே மாதம்தான் இங்கே வருவோம். அதற்குள் வேலைகள் எல்லாம் முடிந்து ஜாடிகளும் டப்பாக்களும் பரணில் ஏறியிருக்கும். இந்த ஆண்டு பங்குனி உத்திரம் வெள்ளிக்கிழமையும், சித்திரை முதல் நாள் அடுத்த திங்கட்கிழமையும் வருவதால் அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பொழுதை இங்கே எழுதுவதாகத் திட்டம்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலை அடுத்த முன்கூடமான தார்சாவில் யாரும் இல்லை. ஆச்சி புறவாசலில், வேப்பமரத்தின் அடியில் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். எண்பதைக் கடந்துவிட்டாலும் கண் இன்னும் கூர்மைதான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாலும் பேச்சு நேராக வேலைக்குத்தான் போனது. "வந்துட்டியா? கையக் கால கழுவிட்டு, கொடியில கெடக்க பழைய சேலைய எடுத்துட்டு வா ட்டி. பொழுது சாயதுக்குள்ள விரிச்சிரணும். பூத்துட்டுல்லா."

வேப்பம்பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, இருட்டிய பிறகு நன்றாக மணக்கும். விடியற்காலையில் பழைய பூக்கள் காம்போடு உதிரும். மண்ணில் விழுந்த பூவைக் கூட்டி எடுத்தால் புழுதியும் சேரும் என்பதால், முந்தின மாலையிலேயே மரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சேலையை விரித்துவிட வேண்டும். நாங்கள் இரண்டு சேலைகளை விரித்து, நான்கு முனைகளிலும் ஓட்டுத் துண்டுகளை வைத்தோம். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் வீட்டின் உள்கூடமான பட்டாசல் வரைக்கும் அந்த மணம் வந்து நிற்கிறது. இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. தேன் கூட்டை அண்மையில் வைத்து முகர்ந்தால் வரும் மணத்தை ஒத்தது.

புதன், ஏப்ரல் 9

ஆச்சியின் நாள் நாலரை மணிக்குத் தொடங்குகிறது. முதலில் கருப்பட்டிக் காபி. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதே தட்டிய கருப்பட்டியைப் போட்டு, அது கரைந்து கசடு அடியில் தங்கியதும் வடிகட்டி, தூளைச் சேர்த்து மூடிவைக்கிறார். பால் கிடையாது. வெண்கலத் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு புறவாசல் படியில் அமர்ந்து, குயில் கூவுவதைக் கேட்டுக்கொண்டே அதைக் குடிக்க எடுத்துக்கொள்ளும் கால் மணி நேரத்தில் அவர் யாரிடமும் பேசுவதில்லை. அந்தக் கால் மணி நேரத்தை யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதும் இல்லை. என் அம்மா இந்த வீட்டில் வளர்ந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கமாம்.

பிறகு ஆற்றுக்குப் போனோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரைக்கும் இந்த மாவட்டங்களைவிட்டு வெளியே போகாத ஆறு இது. காரையாறு அணையில் 1940களிலிருந்து தேக்கி விடுவதால் கோடையிலும் ஓட்டம் அற்றுப்போவதில்லை. பங்குனியில் படித்துறையின் கீழ்ப்படிகள் வெளியே தெரியும்; தண்ணீர் இடுப்பளவுக்குமேல் இல்லை; அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கலங்கிப் புரண்டு வரும்போது ஆச்சி படியிலேயே செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாராம். இப்போதுதான் நடுவே போய் முங்கி எழ முடிகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினார். மூன்றாவது முறை எழுந்தபோது முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கரையில் நிற்கும் மருத மரங்கள் தளிர்விட்டிருந்தன.

திரும்பி வந்து சேலைகளில் உதிர்ந்திருந்த பூவை அள்ளினோம். முறத்தில் இட்டுக் காம்பையும் பழுத்த இலையையும் புடைத்து நீக்கினால் ஒரு படிகூடத் தேறவில்லை. வெயிலில் காய்ந்தால் அது இன்னும் சுருங்கி ஒரு கைப்பிடியாகிவிடும். ஆனால் இரண்டு வாரமாக நாள்தோறும் சேர்த்ததால் டப்பாவில் பாதி நிரம்பியிருக்கிறது. நெய்யில் கருகும் பதத்துக்கு வறுத்து ரசத்தில் போடுவதற்கும், வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கும் ஆண்டு முழுவதும் அதுதான் இருப்பு.

பகல் வேலை மாவடு. அம்பாசமுத்திரம் சந்தையில், மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வந்த வடுவைச் சாக்கின்மீது குவித்து வைத்திருந்தார்கள். மாசியிலேயே தொடங்கிய வடு இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போனால் உள்ளே ஓடு பிடித்துவிடும். ஆச்சி ஒவ்வொரு குவியலிலும் ஒரு வடுவை எடுத்து நகத்தால் கீறி, பாலின் வாசனையை முகர்ந்து, பல்லால் சற்றே கடித்துப் பார்த்தார். நான்காவது கடையில்தான் மனம் நிறைந்தது. உருண்டை வடு, காம்பு அரை விரல்கடை நீளத்துக்கு விடப்பட்டது, தோலில் ஒரு கீறல்கூட இல்லாதது. அடிபட்ட ஒரு வடு ஜாடிக்குள் போனால் அத்தனையும் கெட்டுவிடும் என்பதால், எட்டுப் படி வடுவையும் விற்பவரின் பொறுமையைப் பெரிதும் சோதித்து ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார்.

வீட்டில் அவற்றைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெயைக் கையில் தடவி ஒவ்வொரு வடுவின் மேலும் பூசினோம். எண்ணெய் பூசினால் தோல் வறண்டு வெடிக்காமல் மெதுவாகச் சுருங்கும். எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு, மஞ்சள் தூள். ஒரு அடுக்கு வடு, ஒரு பிடி உப்பு என்று பீங்கான் ஜாடியில் நிரப்பி வாயைத் துணியால் கட்டியாயிற்று. தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. உப்பு வடுவிலிருந்தே நீரை இழுத்துவிடும். மிளகாயும் கடுகும் பிறகுதான்.

இரவு படுக்குமுன் வற்றலுக்குப் பச்சரிசியை நனையப் போட்டு, அரைத்து எடுத்து வைத்தோம்.

வியாழன், ஏப்ரல் 10

இந்த வாரத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இது. கூழ் வற்றல் போடுவது என்பது வெயிலோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்பதால், எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சூரியன் ஏறுவதற்குள் துணியில் ஊற்றி முடிக்க வேண்டுமானால் ஆறரைக்குக் கூழ் ஆறியிருக்க வேண்டும். ஆறரைக்கு ஆற வேண்டுமானால் நான்கு மணிக்கு உலை கொதிக்க வேண்டும்.

ஆச்சி பித்தளை உருளியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுதைக் கரைத்து, மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைச் சுழற்றினார். முதலில் தளர்வாக இருந்த மாவு சிறிது நேரத்தில் கனத்துத் துடுப்பைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு நான்தான் கிண்டினேன். அவர் அருகில் அமர்ந்து, "அடி பிடிச்சிராம, அடியோட சேத்துக் கிண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெந்துவிட்டதா என்பதற்குச் சோதனை எளிது: கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. உப்பைச் சோற்றுக்குப் போடும் அளவில் போடக் கூடாது என்றும் சொன்னார். காயும்போது நீர் போய் உப்பு அப்படியே தங்கிவிடுவதால், கூழாக இருக்கும்போது உப்புக் குறைவாகத் தெரிந்தால்தான் பொரிக்கும்போது சரியாக இருக்கும். இறக்கியபின் சீரகம், பெருங்காயம். ஆறியதும் எலுமிச்சைச் சாறு. சாறு விட்டதும் கூழின் நிறம் கண்ணெதிரே வெளுத்தது.

மொட்டை மாடியான தட்டட்டியில் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை நனைத்துப் பிழிந்து விரித்திருந்தோம். தாத்தா விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரின் வேகத்தை நம்பித் தொடங்கிய ஆலை அது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வேட்டிகளை மட்டும் ஆச்சி யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் அவை தட்டட்டிக்கு வருகின்றன. ஒரு சிறு கரண்டிக் கூழை எடுத்து ஊற்றி, கரண்டியின் அடிப்பாகத்தால் ஒரு சுற்று. ஆச்சி ஊற்றியவை அத்தனையும் வெற்றிலை அளவில் ஒரே கனத்தில் இருந்தன. எட்டு மணிக்கு மூன்று வேட்டிகளும் நிறைந்துவிட்டன.

காக்கைகளுக்காகத் தட்டட்டியின் மூலையில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, மாடிப்படி நிழலில் ஆச்சியும் அடுத்த வீட்டுப் பெரியம்மாவும் பல்லாங்குழியுடன் அமர்ந்தார்கள். புளியமுத்துகள் குழியிலிருந்து குழிக்குப் போகும் ஓசையும், இருவரும் ஊர்ச் செய்திகளைப் பேசிக்கொள்ளும் ஓசையும் நண்பகல் வரை ஓயவில்லை. இரண்டு மணி அளவில், மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும் அரைகுறை வற்றலை ஆச்சி ஒரு ஓரத்திலிருந்து உரித்து எனக்கு ஒன்று கொடுத்து, தாமும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பும் காரமும் மெல்லிய மாவுச் சுவையும் சேர்ந்த அந்தத் துண்டுக்கு, எண்ணெயில் பொரித்த வற்றல் ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். வற்றல் போடும் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், அந்த ஒரு பிற்பகலில் மட்டும் கிடைக்கும் தின்பண்டம் அது.

மாலையில் வேட்டிகளைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் தண்ணீர் தெளித்து உரித்துத் தட்டுகளில் பரப்பினோம். இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். நாங்கள் ஊரில் இல்லாத நாளைய பகலுக்குப் பெரியம்மா காவல். நாளை உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட வேண்டும். பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழைத்தார், வெண்கலப் பானை, விறகு என்று எல்லாம் நடையில் வரிசையாக நிற்கின்றன. புளிச்சோறு கிளறிக் கட்டியாயிற்று.

வெள்ளி, ஏப்ரல் 11

பங்குனி உத்திரம் என்றால் பிற மாவட்டத்தார்க்குப் பழனியும் காவடியும் நினைவுக்கு வரும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் அது சாஸ்தாவின் நாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு; முன்னோர் எந்த ஊரை விட்டு வந்தார்களோ, அந்த ஊரின் காட்டிலோ குளத்தங்கரையிலோ அவர் இருப்பார். எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் இந்த ஒரு நாளில் அவரைத் தேடி வருவார்கள். எங்களுக்கு, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

விடியுமுன்பே வேன் புறப்பட்டது. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றின் போக்கிலேயே போகிறது சாலை. சன்னலோர இருக்கையை ஆச்சிக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அது அவருடையது என்பது குடும்பத்தில் எழுதாத ஏற்பாடு. ஸ்ரீவைகுண்டத்தில் அணைக்கட்டைக் கடக்கும்போது பொழுது விடிந்தது. நம் வீட்டுப் படித்துறையைத் தொட்டு வந்த தண்ணீர் தேங்கும் கடைசி அணைக்கட்டு இதுதான் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டு வந்தார். குரும்பூர் தாண்டியதும் வாழைத் தோட்டங்கள் மறைந்து பனையும் தேரியும் தொடங்கின. குங்குமச் சிவப்பில் மேடும் பள்ளமுமாக விரியும் அந்த மணற்காட்டின் நடுவே, மரங்கள் அடர்ந்த ஒரு சோலையும் வற்றாத ஒரு சுனையும் இருப்பதை முதன்முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அய்யனார் காத்து நிற்பது அந்தச் சுனையைத்தான்.

வேனை விட்டு இறங்கியதும் ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனவர்களை விலக்கிவிட்டார். மரத்துக்கு ஒரு குடும்பம் என்று இடம்பிடித்து, பாயை விரித்து, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். நெடுந்தொலைவுக்குப் புகையும் வெல்லப்பாகின் மணமும் சூழ்ந்திருந்தன. எங்கள் மரத்தடியில் தாத்தாவின் தங்கை முன்பே வந்து அமர்ந்திருந்தார். "மதினி!" என்று ஆச்சி கூப்பிட்ட குரலில் இருந்த துள்ளலை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இங்கே சந்தித்துக்கொள்ளும் இருவரும் அருகருகே அமர்ந்து, வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவி ஒருவருக்கொருவர் மடித்துக் கொடுத்துக்கொண்டு, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கண் அறுவை, யார் வீட்டுக் கிணறு வற்றியது என்று ஓர் ஆண்டுச் செய்திகளை ஒப்பித்துக்கொண்டார்கள்.

பானை பொங்கியபோது முதலில் குலவையிட்டவர் ஆச்சி. பக்கத்து மரத்தடியிலிருந்து வேறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒலி சோலை முழுவதும் பரவிப் போனது. நானும் முயன்றேன். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று மதினிப் பாட்டி தாமே வாயைத் திறந்து காட்டிக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் முறை ஓரளவு வந்தது, ஆச்சி தலையசைத்தார்.

படையல் முடிந்து, கூட்டத்தில் நின்று சாமியைக் கும்பிட்டு, இலை போட்டுச் சாப்பிட்டபின் திரும்பும் வழியில் பதநீர். இந்தப் பயணத்தில் ஆச்சி தமக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான். சாலையோரத்தில் பனையேறி ஒருவர் மண் கலயங்களோடு அமர்ந்திருந்தார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் சாறு புளிக்காது. தடவாவிட்டால் அது கள்ளாகிவிடும். குருத்தோலையை இருபுறமும் மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கை நெம்பி அதில் மிதக்கவிட்டுக் கொடுத்தார். பட்டையை ஏந்தி உறிஞ்சும்போது ஓலையின் பச்சை மணமும் சேர்ந்து வருகிறது. ஆச்சி ஒரு பட்டையை முடித்து, எதுவும் சொல்லாமல் மறுபடி நீட்டினார்.

குரும்பூரில் ஒரு கவுளி ஆத்தூர் வெற்றிலை வாங்கினோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அந்த வெற்றிலை. காரம் கூடுதல் என்பதால் ஆச்சிக்கு அதைவிட்டால் வேறு பிடிப்பதில்லை.

சனி, ஏப்ரல் 12

நேற்றைய அலைச்சலில் எனக்கு எழுந்திருக்கவே எட்டு மணி ஆயிற்று. ஆச்சி அதற்குள் ஆற்றுக்குப் போய் வந்து, வேப்பம்பூ பொறுக்கி, வற்றல் தட்டுகளைத் தட்டட்டிக்கு ஏற்றி முடித்திருந்தார்.

ஜாடியைத் திறந்து பார்த்தோம். வடுக்கள் சுருங்கத் தொடங்கி, பாதி உயரத்துக்கு மஞ்சள் நிற நீர் ஊறியிருந்தது. வறுக்காத கடுகையும் வற்றல் மிளகாயையும் அம்மியில் வைத்து, அந்த நீரையே தெளித்து ஆச்சி அரைத்தார். வேறு தண்ணீர் படக் கூடாது. கடுகின் நெடி கண்ணைக் கரித்தது. விழுதைச் சேர்த்து, ஜாடியை இரண்டு கைகளாலும் தழுவிப் பிடித்து இடமும் வலமுமாகக் குலுக்கினார். நாளுக்கு ஒருமுறை இப்படிக் குலுக்க வேண்டும். கரண்டி போடக் கூடாது.

மூன்று மணிக்குப் பொதிகைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. ஆச்சி "ஏட்டி, வத்தலு!" என்று குரல் கொடுத்த வேகத்தில் தெருவில் நான்கு வீட்டுத் தட்டட்டிகளிலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். தட்டுகளைக் கீழே இறக்குவதற்கும் பெரும் தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. அரை மணி நேரம்தான் பெய்தது. நின்ற பிறகு ஆச்சி புறவாசலுக்குப் போய், மாமரத்தின் அடியில் காற்றில் உதிர்ந்து கிடந்த பிஞ்சுகளை மடியில் பொறுக்கிக்கொண்டு வந்தார். சூடான சோற்றுடன் இரவில் அந்தப் பிஞ்சுகளின் பச்சடி.

சாப்பிட்டபின் திருநெல்வேலி வானொலி. ஆச்சியின் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கும் அந்தச் சிறிய பெட்டியில் நாகஸ்வரம் கேட்டால் அவர் வேலையை நிறுத்திவிடுவார். இங்கிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளியிருக்கும் காருகுறிச்சியின் அருணாசலம் (1921–1964) வாசித்ததைச் சிறுமியாக இருந்தபோது கோயில் முன்றிலில் மணலில் அமர்ந்து நேரில் கேட்டவர் அவர். அதனால் வேறு யார் வாசித்தாலும் அளவுகோல் அதுதான்.

ஞாயிறு, ஏப்ரல் 13

பங்குனியின் கடைசி நாள். மேற்கு வெளுத்து, வெயில் முன்னைவிடக் கடுமையாக வந்தது. வற்றல் காய்ந்து முடிந்தது. தட்டை அசைத்தால் கலகலவென்று ஓசை எழ வேண்டும் என்பது அளவு. டப்பாவில் அடைக்குமுன் ஐந்தாறை எண்ணெயில் போட்டுப் பார்த்தோம். நான்கு மடங்காக விரிந்து வெள்ளையாகப் பொரிந்தன. உப்பு மிகச் சரியாக இருந்தது.

பகலில் புதுப் புளி. பக்கத்துத் தெருப் பெண்கள் நால்வர் வந்து தார்சாவில் வட்டமாக அமர்ந்து, ஓடு உடைத்த புளியிலிருந்து நாரை உரித்து, கத்தியால் கீறிக் கொட்டையை எடுத்தார்கள். இன்று இங்கே, அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டில். கூலி கிடையாது, காபியும் முறுக்கும் பேச்சும்தான். கொட்டை நீக்கிய புளியில் கல்லுப்பைத் தூவி, உருண்டையாக உருட்டிப் பானையில் அமுக்கி வைத்தார் ஆச்சி. புளியமுத்துகளில் ஒரே அளவானவற்றைத் தேர்ந்து பல்லாங்குழிக்கென்று தனியே எடுத்துக்கொண்டார்.

மாலையில் குலசேகரமுடையார் கோயிலுக்கு நடந்து போனோம். இந்தக் கோயிலின் நடராசர் திருமேனி 1982இல் திருடு போய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருந்து மீட்கப்பட்டு 2019இல் ஊருக்குத் திரும்பியது. திரும்பி வந்த அன்று கூட்டத்தில் நின்று பார்த்ததை ஆச்சி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். "அவரு போகும்போது உங்கம்மா பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. வரும்போது நீ வேலைக்குப் போயிட்டே."

இரவு ஆச்சி பூசை அறையைக் கழுவித் துடைத்து, விசுக்கனி வைத்தார். கேரளத்தை ஒட்டிய எங்கள் பக்கத்து ஊர்களில் சித்திரை முதல் நாள் கண் விழித்ததும் கனி காண்பது வழக்கம். பெரிய தாம்பாளத்தில் புது அரிசி, வெள்ளரிக்காய், மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, ஒரு சவரன் சங்கிலி, நாணயங்கள். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடி. மேலே சரக்கொன்றைப் பூங்கொத்து. கொன்றையை ஸ்டேஷன் சாலையில் இருக்கும் மரத்திலிருந்து நான் பறித்து வந்தேன். சுவைத்துப் பார்க்காமலேயே வாழைப்பழத்தின் பதத்தை ஆச்சி தொட்டுச் சொன்னது போலவே, கொன்றைக் கொத்தில் எது நாளைக் காலை வரை வாடாது என்பதையும் தொட்டே சொன்னார்.

திங்கள், ஏப்ரல் 14

விசுவாவசு ஆண்டு பிறந்தது. நான்கரை மணிக்கு ஆச்சி என் கண்களைக் கையால் பொத்தி, பூசை அறைக்கு நடத்திப் போய் விட்டார். கையை எடுத்ததும் விளக்கொளியில் மஞ்சள் பூக்களும் பழங்களும், நடுவே கண்ணாடியில் என் முகமும், அதற்கு மேல் ஆச்சியின் முகமும். கைநீட்டமாகப் புது நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கொடுத்தார். தெருப் பிள்ளைகள் ஏழு மணி வரை வந்துகொண்டே இருந்தார்கள். அனைவருக்கும் பத்து ரூபாய் நாணயம் ஒவ்வொன்று. இதற்காக மாசியிலிருந்தே சேர்த்து வைத்திருந்தாராம்.

பிறகு பாபநாசம். சித்திரை விசுவுக்கு அங்கே பெருங்கூட்டம். அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் காட்சி அருளிய நாள் என்பது தல வரலாறு. ஆற்றில் முங்கி, படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, உலகம்மை சந்நிதிக்குப் போனோம். அம்பாளின் முன்னால் உரலும் உலக்கையும் உண்டு. பெண்கள் விரலி மஞ்சளைப் போட்டு இடிப்பார்கள். அந்த மஞ்சளால் அம்பாளுக்கு அபிடேகம் நடக்கும். நீண்ட வரிசையில் நின்று தம் முறை வந்ததும் ஆச்சி உலக்கையைப் பிடித்தார். ஐந்தாறு இடிதான், ஆனால் உலக்கை உரலின் ஓரத்தில் ஒருமுறைகூடப் படவில்லை. எனக்குக் கொடுத்தபோது அதன் கனத்தை உணர்ந்து, இதை அவர் எப்படித் தூக்கினார் என்று வியந்தேன்.

பகல் சாப்பாட்டில் மாங்காய்ப் பச்சடி: மாங்காய், வெல்லம், மிளகாய், உப்பு, கடைசியில் நெய்யில் வறுத்த வேப்பம்பூ. நான் வந்த அன்று சேலையில் விழுந்த பூ அதில் இருந்தது. ஆச்சி இரண்டு முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இலையை வழித்துச் சாப்பிட்டார்.

இதை நெல்லை எக்ஸ்பிரஸில் அமர்ந்து எழுதுகிறேன். வடு ஊறச் சித்திரை முழுவதும் ஆகும் என்பதால் ஜாடி அங்கேயேதான் இருக்கிறது. வைகாசியில் யாராவது வரும்போது கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வற்றல் ஒரு டப்பா, வேப்பம்பூ ஒரு பொட்டலம், புளி இரண்டு உருண்டை என் பையில் இருக்கின்றன. புறப்படும்போது அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் ஆச்சி மணத்தக்காளி எப்போது வரும், இந்த ஆண்டு சுண்டைக்காய்க்கு யாரிடம் சொல்லிவைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மோரில் ஊறவைத்து வற்றல் போடும் வேலை அடுத்து வருகிறது. நான் வாசலை விட்டு இறங்கியபின் மறுபடி கூப்பிட்டு, டப்பாவின் மேல் வேறு பையை வைக்கக் கூடாது, வற்றல் நொறுங்கிவிடும், ரயிலில் இருக்கைக்கு அடியில் வை, சென்னைக்குப் போனதும் ஒரு வெயில் காட்டிவிட்டு மூடு என்று சொன்னார். டப்பா இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது.